கூஸ் குஞ்சின் நிறம் கணக்குக்கு ஒத்து வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கூஸ் என்னும் பெரிய வாத்தினத்தில், பொரித்த அன்றே நிறத்தை வைத்து ஆண் பெட்டை பிரிக்கலாம் என்று நம்பி ஜோடி சேர்க்கிறோம். குஞ்சு வெளியே வந்ததும் கணக்கு உதைக்கிறது. உடனே "இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராது" என்று கைவிடுகிறவர்களே அதிகம். பாலினத்தோடு சேர்ந்து போகும் நிறம் மிகக் கறாரானது. அது பிசகியதுபோல் தெரிந்தால் பெரும்பாலும் பிசகியிருப்பது பட்டி, அல்லது முட்டைக் கூடை, அல்லது நாம் வைத்த பெயர். ஜீனைச் சந்தேகிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போகுமுன் இரண்டு விஷயங்கள் மனதில் நிற்க வேண்டும்.

முதலாவது: பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மனிதர்களுக்கு நேர் எதிர். மகள் தன் ஒரே இசட்டை அப்பனிடமிருந்துதான் பெறுகிறாள். அம்மாவிடமிருந்து அவளுக்கு வருவது டபிள்யூ. மகனுக்கு அப்பனிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஆகவே இசட்டில் உட்கார்ந்திருக்கும் நிறத்தில் மகள் அப்பனைத்தான் சொல்லுவாள்.

இரண்டாவது: கூஸில் வெண்மை ஒன்றல்ல. நமக்கு வேண்டிய ஜீன்கள் நான்கு. இசட்டில் இருப்பவை இரண்டு. ஒன்று வெளிறல், சாம்பல் நிறத்தை நீர்க்கச் செய்வது, முழுமையற்ற ஓங்கு தன்மை (ஒரு பங்கு இருந்தாலே ஓரளவு வெளியே தெரிவது) உள்ளது. ஒரு பங்கு இருந்தால் சாம்பல் கொஞ்சம் வெளிறும், இரண்டு பங்கு இருந்தால் ஏறக்குறைய வெள்ளையாகவே ஆகிவிடும். இரண்டு பங்கு ஆணுக்கு மட்டுமே சாத்தியம். மற்றொன்று சந்தன நிறம். இது ஒடுங்கு தன்மை, அதாவது ஓங்கு ஜீன் எதிரே இருந்தால் மறைந்துவிடும். இசட்டில் இல்லாதவை இரண்டு: உடலில் வெள்ளைத் திட்டு போடும் திட்டு ஜீன், எல்லா நிறத்தையும் மூடிவிடும் மூடுவெள்ளை. இரண்டும் ஒடுங்கு தன்மை. ஆண் பெட்டை பேதம் இவற்றுக்குக் கிடையாது. எம்டன், சைனீஸ் இரண்டும் கூஸ் இனங்கள். எம்டன் வெள்ளை என்பது வெளிறலும் திட்டும் சேர்ந்தது. சைனீஸ் வெள்ளை என்பது மூடுவெள்ளை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் போனதால் வீணான பருவங்கள் ஏராளம்.

அறிகுறி: வரவே முடியாத குஞ்சு வந்திருக்கிறது

சந்தன ஆணைச் சாம்பல் பெட்டையோடு விட்டால் மகள் எல்லாம் சந்தனம், மகன் எல்லாம் சாம்பல். இதில் சாம்பல் மகள் ஒன்று வந்தால் அது "விதிவிலக்கு" அல்ல. அவள் இசட் அப்பனுடையது. அப்பனிடம் சந்தனத்தைத் தவிர வேறில்லை. அப்படியானால் அப்பன் வேறு ஆள். அதேபோல் சந்தன மகன் வந்தால் அவனுடைய இரண்டு இசட்டிலும் சந்தனம் இருக்க வேண்டும். அதில் ஒன்றை அம்மா கொடுத்திருக்க வேண்டும். சாம்பல் அம்மாவால் கொடுக்க முடியாது. ஆக முட்டை வேறு பெட்டையுடையது. தப்பு எந்தப் பக்கம் என்பதைக் குஞ்சே இப்படிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேடுகிற வரிசை இது.

முதலில் குஞ்சின் பாலினத்தைக் கழிவாயில் பார்த்து உறுதிசெய்யுங்கள். நிறத்தை வைத்து மகள் என்று எழுதியது மகனாக இருந்தால் பிரச்சினையே இல்லை. பொரித்து மூன்று நாளுக்குள் பார்ப்பது எளிது. குஞ்சை மல்லாத்தி இடது உள்ளங்கையில் கிடத்தி, வாலை மெல்ல விலக்கி, கழிவாயின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து வெளிப்புறமாகத் தள்ளித் திறக்க வேண்டும். ஆணுக்குத் திருகின சிறு முனை ஒன்று எழும்பித் தெரியும். பெட்டைக்கு மடிப்பு மட்டும். விரல் அழுத்தம் தோலை நகர்த்தும் அளவுக்கு மேல் போகக் கூடாது. திறக்கவில்லை என்று பலவந்தம் செய்தால் தசை கிழிந்து குஞ்சு ஊனமாகும். முதல் தடவை பார்ப்பவர் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே நல்லது.

அடுத்தது வாய்க்கால். டெல்டாவில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12, மூடும் தேதி ஜனவரி 28. அணைத் தண்ணீர் வந்ததும் கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால், குளம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். உங்கள் கொல்லையில் இறங்கின பெட்டை அடுத்த தெருக் குளத்தில் கரையேறும். கூஸ் தண்ணீரில் இணைவதையே விரும்பும். ஐந்து நிமிடம் போதும். வடகிழக்குப் பருவமழையில் வரப்பு மூழ்கிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, பழைய ஆண். பெட்டையின் கருக்குழாயில் விந்து பத்து நாளைக்கும் மேல் உயிரோடு இருக்கும். ஆணை மாற்றிய மறுவாரமே முட்டையை அடைக்கு வைத்தால் பாதிக் குஞ்சு பழைய ஆணுடையதாக இருக்கலாம். ஆணைப் பிரித்து 21 நாள் கழிந்த பிறகு இடும் முட்டையை மட்டுமே இனக் கணக்கில் சேர்க்க வேண்டும். இடையில் வருபவற்றைச் சாப்பிடுங்கள், விற்றுவிடுங்கள். ஏட்டில் மட்டும் எழுதாதீர்கள்.

நான்காவது, கூடு. ஒரே பட்டியில் மூன்று பெட்டை இருந்தால் மூன்றும் ஒரே வைக்கோல் குழியில் இடுவது சகஜம். நிறம் வெவ்வேறான பெட்டைகளை ஒரே பட்டியில் வைத்தால் அம்மா யார் என்று எழுத முடியாது.

சரிசெய்ய: ஒரு ஆண், மூன்று அல்லது நான்கு பெட்டை (கனத்த இனமானால் இரண்டு அல்லது மூன்று), நான்கடி உயர மூங்கில் தட்டி அல்லது நைலான் வலை, உள்ளேயே ஒரு சிமெண்ட் தொட்டி. தொட்டியில் உடம்பு மிதக்கும் ஆழம் வேண்டும், இல்லையென்றால் கனத்த ஆண்களுக்குக் கரு கூடுவது குறையும். வாய்க்காலில் மேய விடுவதை இடும் பருவம் முழுக்க நிறுத்த வேண்டும். பசும்புல்லை அறுத்துப் போட்டால் போதும். முட்டையை எடுத்த உடனே பென்சிலால் பட்டி எண்ணும் தேதியும் எழுதுங்கள். மார்க்கர் வேண்டாம், மை ஓட்டுக்குள் இறங்கும். சைனீஸ் முட்டை பெரும்பாலும் 28 முதல் 30 நாளிலும் கனத்த இனம் 32 நாள் வரையிலும் பொரிக்கும் என்பதால், 26ஆம் நாளே ஒவ்வொரு பட்டியின் முட்டையையும் தனித்தனியாக வைத்து, ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையை மேலே கவிழ்த்துவிடுங்கள். பொரித்து உலர்ந்து ஓடத் தொடங்கிய பின் எது எதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கோழிக்கு அடை வைத்தால் நான்கைந்து முட்டைக்கு மேல் வேண்டாம். கூஸ் முட்டையைக் கோழியால் சரியாகப் புரட்ட முடியாது; காலையும் மாலையும் நீங்கள்தான் புரட்டிவிட வேண்டும்.

அறிகுறி: ஆண் பெட்டை எல்லாம் ஒரே நிறம்

ஜோடியைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். ஒடுங்கு நிறம் அப்பனிடம், ஓங்கு நிறம் அம்மாவிடம். இந்த வரிசையில் மட்டும்தான் நிறம் பாலினத்தைக் காட்டும்.

சந்தனம் ஒடுங்கு. எனவே சந்தனம் ஆணாக இருக்க வேண்டும். சாம்பல் ஆணோடு சந்தனப் பெட்டையைச் சேர்த்தால் மகனும் மகளும் சாம்பல்தான். மகன்கள் மட்டும் சந்தனத்தை உள்ளே சுமப்பார்கள். வெளிறல் ஓங்கு. எனவே எம்டன் பெட்டையாக இருக்க வேண்டும். சாம்பல் ஆண், எம்டன் பெட்டை என்றால் மகனுக்கு அம்மாவின் வெளிறல் ஒரு பங்கு வரும், தூவி வெளிறித் தெரியும். மகளுக்கு அப்பனின் முழுச் சாம்பல் மட்டும், தூவி கருத்திருக்கும். இதையே திருப்பி எம்டன் ஆணைச் சாம்பல் பெட்டையோடு விட்டால் மகனுக்கும் ஒரு பங்கு, மகளுக்கும் ஒரு பங்கு. இரண்டும் ஒரே வெளிறிய சாம்பல். குஞ்சு நல்லாயிருக்கும், பிரிக்கத்தான் முடியாது.

ஜோடி சரியான பக்கம்தான் இருக்கிறது, ஆனாலும் எல்லாம் கருஞ்சாம்பல் என்றால் உங்கள் வெள்ளைப் பெட்டை எம்டன் இல்லை. அடுத்ததைப் படியுங்கள்.

அறிகுறி: வெள்ளைக்கும் வெள்ளைக்கும் சாம்பல் குஞ்சு

சந்தையில் குமிழ் சிறுத்த வெள்ளைக் கூஸை எம்டன் என்று சொல்லி விற்பது உண்டு. நெற்றிக் குமிழ் உள்ளது சைனீஸ் வழி. குமிழே இல்லாமல் கழுத்துத் தூவலில் வரிவரியாக மடிப்பு விழுந்தது ஐரோப்பிய வழி. சைனீஸின் மூதாதை வேறு காட்டினம், எம்டனின் மூதாதை வேறு. ஆனாலும் இரண்டும் கலந்தால் பிறக்கும் குஞ்சு மலடாகாது. அதனால்தான் ஊரில் இத்தனை கலப்பு.

சைனீஸ் வெள்ளையையும் எம்டன் வெள்ளையையும் சேர்த்தால் நிறமுள்ள குஞ்சு வருவது தவிர்க்க முடியாதது. சைனீஸ் மூடுவெள்ளை ஒரு பங்கு கொடுக்கும். எம்டனிடம் அது இல்லாததால் மூடி விழாது. எம்டன் திட்டு ஒரு பங்கு கொடுக்கும். சைனீஸிடம் அது இல்லாவிட்டால் திட்டும் முழுதாய் விழாது. அங்கங்கே, குறிப்பாக இறக்கை நுனியில், சில வெள்ளைத் தூவல் மட்டும் வரலாம். மிஞ்சுவது சாம்பல். யாரும் ஏமாற்றவில்லை, ஆணும் வேலி தாண்டவில்லை.

மூடுவெள்ளைப் பறவையை வைத்து நிறக் கணக்குப் போடாதீர்கள். அதன் அடியில் சந்தனம் இருக்கலாம், வெளிறல் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மூடி திறக்கும்வரை தெரியாது. தெரிந்தே ஆக வேண்டுமானால் மூடுவெள்ளை கலக்காத முழுச் சாம்பல் துணையோடு ஒரு பருவம் விட்டுப் பாருங்கள். ஆண் என்றால் மகள்களைக் கவனியுங்கள். மகள் சந்தனமாக வந்தால் சந்தனம் சுமக்கிறான். வெளிறி வந்தால் வெளிறல் சுமக்கிறான்.

அறிகுறி: எம்டன் குஞ்சு சாம்பலாகப் பொரித்திருக்கிறது, கலப்படமோ?

இல்லை. சுத்த எம்டன் குஞ்சின் முதுகில் சாம்பல் படிந்துதான் இருக்கும். ஆணுக்கு வெளிறல் இரண்டு பங்கு, ஆகவே சாம்பல் லேசு. பெட்டைக்கு ஒரு பங்கு, ஆகவே அடர்த்தி. இதுவே நமக்குக் கிடைத்த வசதி. இறகு முளைத்ததும் சாம்பல் போய்விடும். சில பெட்டைகளுக்கு முதுகில் இரண்டொரு சாம்பல் தூவல் முதல் முழு உதிர்வு வரை நிற்கும், அதற்காகக் கழித்துவிடாதீர்கள். சைனீஸ் வெள்ளைக் குஞ்சோ சுத்த மஞ்சள். அதில் நிறத்தை வைத்துப் பிரிக்க வழியே இல்லை. யாராவது பிரித்துத் தருவதாகச் சொன்னால் கழிவாய் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி: கருத்தது எது, வெளிறினது எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை

இது ஜீன் பிரச்சினை அல்ல, பார்க்கும் முறை. தூவி முழுக்க உலர்ந்த பிறகு, 24 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். ஈரத் தூவி எல்லாமே கருப்பாகத் தெரியும். நாலைந்து நாள் ஆனால் தூவி வளர்ந்து வெளிறும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் நிச்சயம் தப்பும். காலை வெளிச்சத்தில், திண்ணை நிழலில், வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் விடுங்கள். வெயிலில் அல்ல, நிழலில். தொப்புளுக்கு மஞ்சள் தடவும் வழக்கம் இருந்தால் நிறம் பார்த்து முடித்த பின் தடவுங்கள். வெளிறிய தூவியில் மஞ்சள் ஏறிவிட்டால் பிறகு ஒன்றும் சொல்ல முடியாது.

ஒப்பிடுவது ஒரே அப்பன் அம்மாவின் குஞ்சுகளுக்குள் மட்டும். பக்கத்துப் பட்டியின் வெளிறினது உங்கள் பட்டியின் கருத்ததைவிடக் கருப்பாக இருக்கலாம். தலை உச்சி, முதுகு இரண்டையும் பாருங்கள்; பிறகு அலகு. பில்கிரிம் வகையில் ஆண் குஞ்சின் அலகு வெளிறியும் பெட்டைக்குக் கருத்தும் இருக்கும். முதலில் சந்தேகமில்லாதவற்றை இரு பக்கமும் ஒதுக்குங்கள். நடுவில் நிற்பதைக் கழிவாய் பார்த்து முடிவெடுங்கள். கண்ணை இடுக்கி ஊகிக்க வேண்டாம். முதல் இரண்டு பொரிப்புகளில் எல்லாக் குஞ்சையுமே இரு முறையிலும் பார்த்து எழுதிவைத்தால் உங்கள் கூட்டத்தில் நிறம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது எண்ணாகவே கிடைத்துவிடும்.

அறிகுறி: போன வருஷம் சரியாக வந்தது, இந்த வருஷம் குழம்பிவிட்டது

போன வருஷக் குஞ்சுகளையே தங்களுக்குள் சேர்த்திருப்பீர்கள். சந்தன ஆண், சாம்பல் பெட்டை வழியில் வந்த மகன் சாம்பலாக இருந்தாலும் சந்தனத்தைச் சுமக்கிறான், மகள் சந்தனம். இவர்களை இணைத்தால் மகன்களில் பாதி சாம்பல், பாதி சந்தனம், மகள்களிலும் அப்படியே. நிறத்துக்கும் பாலினத்துக்கும் இருந்த ஒட்டு அறுந்துவிட்டது. முதல் தலைமுறை விற்பதற்கும் வளர்ப்பதற்கும் மட்டுமே. தாய்க் கூட்டம் இரண்டையும், சந்தனத்தைத் தனியே, சாம்பலைத் தனியே, நெருங்கிய உறவு சேராமல் காப்பாற்றியாக வேண்டும். கூஸ் முழுத் திறனோடு இடுவது இரண்டாம் வருஷத்திலிருந்துதான். அதன்பின் பல வருஷம் இடும். கோழி மாதிரி வருஷா வருஷம் மாற்றத் தேவையில்லாததால் இது ஒன்றும் பெரிய பாரமல்ல.

வெளியிலிருந்து வாங்கின சாம்பல் ஆண் சந்தனத்தைச் சுமக்கிறானா என்று பார்க்க, சாம்பல் பெட்டையோடு விட்டு மகள்களை மட்டும் எண்ணுங்கள். சுமப்பவன் என்றால் மகளில் பாதி சந்தனம். ஐந்து மகளும் சாம்பலாக வந்தால், சுமந்தும் தப்பித்திருக்கும் வாய்ப்பு 32இல் ஒன்று. ஏழு மகளும் சாம்பல் என்றால் 128இல் ஒன்று. ஐந்து பார்த்துவிட்டு நம்பலாம். தாய்க் கூட்டத்துக்கே எடுப்பதானால் ஏழு பாருங்கள். மகன்களை எண்ணிப் பயனில்லை, அம்மாவின் சாம்பல் அவர்களை மறைத்துவிடும்.

அறிகுறி: வெள்ளை ஆண், சாம்பல் பெட்டை என்று நின்ற கூட்டம் கலைந்துவிட்டது

பில்கிரிம் கூஸ் இப்படித்தான் நிற்கும். அமெரிக்கத் தரநூலில் 1939இல் சேர்க்கப்பட்ட இனம். வெளிறல் இரண்டு பங்குள்ள ஆண் வெள்ளை. ஒரு பங்குள்ள பெட்டை வெளிறிய சாம்பல். தலைமுறை தலைமுறையாக மாறாது. ஒரு நாட்டுச் சாம்பல் ஆண் உள்ளே வந்தால் மட்டும் உடையும். அவன் மகன்கள் ஒரு பங்கோடு சாம்பலாக வருவார்கள், மகள்கள் வெளிறல் இல்லாத கருஞ்சாம்பல்.

சரிசெய்வது பலர் நினைப்பதைவிட எளிது. சுத்த ஆண் ஒருவன் கையில் இருந்தால் போதும். அவனை நாட்டுச் சாம்பல் பெட்டைகளோடு விடுங்கள். முதல் தலைமுறை எல்லாம் வெளிறிய சாம்பல், பிரிக்க முடியாது, பரவாயில்லை. அதில் பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்களை முழுக்கக் கழித்துவிடுங்கள். அந்தப் பெட்டைகளின் ஒரே இசட் அப்பனுடையது, அதில் வெளிறல் இருக்கிறது. வெளிறலைப் பொறுத்தவரை அவை ஏற்கெனவே சுத்தம். அவற்றைச் சுத்த ஆணோடு, முடிந்தால் அவற்றின் அப்பன் அல்லாத இன்னொருவனோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையிலேயே மகன் வெள்ளை, மகள் சாம்பல். முதல் தலைமுறை ஆண் ஒருவனை "அழகாக இருக்கிறான்" என்று விட்டுவைத்தால் வேலை முழுக்கப் பாழ். அவன் மகன்களில் பாதியும் மகள்களில் பாதியும் தவறான நிறத்தில் வரும்.

இதையே எம்டன் ஆணை வைத்துச் செய்யப் பார்ப்பவர்கள் திட்டு ஜீனில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டாம் தலைமுறையில் பாதிக் குஞ்சுக்குத் திட்டு இரண்டு பங்கு விழும். அந்த மகள்களும் வெள்ளையாகவே வளர்வார்கள். வெள்ளை என்றாலே ஆண் என்ற கணக்கு அங்கே நிற்காது. வெள்ளை மகளையும் திட்டு விழுந்தவற்றையும் ஒவ்வொரு தலைமுறையிலும் கழித்துக்கொண்டே போக வேண்டும். எம்டன் வழியில் அது நீண்ட வேலை என்று தெரிந்தே இறங்குங்கள்.

அறிகுறி: நெஞ்சில், இறக்கையில் வெள்ளைத் திட்டு

திட்டு ஜீன். ஆணுக்கும் வரும், பெட்டைக்கும் வரும். பாலினம் பிரிக்க உதவாது. எம்டன் ரத்தம் எப்போதோ சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: குஞ்சில் பெட்டை என்று எழுதியது வளர்ந்தபின் ஆணாக நிற்கிறது

பெரும்பாலும் அடையாளம் கழன்றிருக்கும். கூஸ் குஞ்சு மிக வேகமாக வளரும். முதல் நாள் போட்ட வளையம் இரண்டாம் வாரத்தில் காலை இறுக்கும். அதற்குப் பயந்து தளர்த்திப் போட்டால் சேற்றில் உருவிக்கொள்ளும். இரண்டு நிறத்தில் பிளாஸ்டிக் டை வாங்கி, ஆணுக்கு வலது கால், பெட்டைக்கு இடது கால் என்று வைத்து, எட்டு வாரம் வரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். நிறம் மங்கினாலும் கால் மாறாது. வளர்ந்த பறவையில் குரல் கேளுங்கள்: ஆணுக்குக் கீச்சென்று உயர்ந்த குரல், பெட்டைக்குத் தணிந்த கரகரப்பு. சைனீஸ் வழியானால் ஆணுக்கு நெற்றிக் குமிழ் பெரிது. குரலும் குமிழும் ஏட்டுக்கு ஒத்துவராத பறவையைப் பிடித்துக் கழிவாய் பார்த்துத் திருத்துங்கள். திருத்திய தேதியையும் அதே வரியில் எழுதுங்கள். அடுத்த பருவத்தில் ஒரு சாம்பல் மகள் தவறி வந்து நிற்கும்போது முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுதான்.